அளவு ஜாக்கெட்

எங்கள் பக்கத்தில் கல்யாணச் சேலை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது. சேலையோடு ஜாக்கெட்டையும் அவர்களே தைத்துக் கொண்டுவர வேண்டும். அதற்காகப் பெண்ணை டெய்லர் கடையில் கொண்டுபோய் நிறுத்துவது மரியாதையில்லை. அதனால் நிச்சயம் முடிந்த கொஞ்ச நாளில் மாப்பிள்ளையின் அக்காவோ அத்தையோ பெண் வீட்டுக்கு வந்து, காப்பியைக் குடித்துவிட்டு, "அப்ப அந்த அளவு ஜாக்கெட்டு..." என்று இழுப்பார்கள். பெண் போட்டுப் பழகிய ஜாக்கெட் ஒன்றை மடித்துப் பையில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அந்த அளவுக்குப் புது ஜாக்கெட் வரும். பாளையங்கோட்டையில் இதற்கெல்லாம் யாரும் உட்கார்ந்து யோசித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. என் அம்மா யோசித்தாள். யோசித்துத்தான் என் கல்யாணம் நின்றது.

நான் குண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பூசினாற்போல, வாட்டசாட்டமாக, கொஞ்சம் கனத்த உடம்பாக என்று என்னைச் சொல்வதற்கு ஊரில் ஏகப்பட்ட வார்த்தைகள் வைத்திருந்தார்கள். எல்லாம் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கும். விவரம் தெரிந்த நாளிலிருந்தே அப்படித்தான். ஆனால் காய்ச்சல், தலைவலி என்று படுத்தது கிடையாது. கல்லூரியில் குண்டு எறிதலில் பரிசு வாங்கினேன். மேடைக்குக் கீழே பிள்ளைகள் என்னென்னவோ சொல்லிச் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். ஜெயித்தவளுக்குச் சிரிக்க என்ன கஷ்டம்?

அம்மாவுக்குத்தான் சிரிப்பு வராது. அம்மா பள்ளிக்கூட ஆசிரியை, அப்பா ஒரு அலுவலகத்தில் எழுத்தர். தலைமுறை தலைமுறையாக மிஷன் பள்ளியில் படித்து, மிஷன் பள்ளியிலேயே வேலை பார்த்து, ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி மடிப்புக் கலையாமல் வேதக்கோயிலுக்குப் போய் வருகிற குடும்பம். குரல் அடக்கமாக இருக்க வேண்டும், நடை அடக்கமாக இருக்க வேண்டும். உடம்பும் அப்படியே இருக்க வேண்டும் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும். என் தங்கை அந்தக் கணக்குக்குச் சரியாகப் பிறந்திருந்தாள். பிரம்பு மாதிரி இருப்பாள். ஒரே சட்டியில் ஆக்கிய சோற்றைத்தான் இரண்டு பேரும் தின்றோம்.

பக்கத்து வீட்டில் சைவக் குடும்பம். ஒரு காலத்தில் நிலபுலன்கள் இருந்து, பிறகு வங்கி வேலைக்கு வந்தவர்கள். அந்த வீட்டுப் பெரியம்மாவுக்கு எங்கள் அம்மாவுக்கு நேரெதிரான கவலை. மகளுக்கு உடம்பு தேற வேண்டும் என்று கருப்பட்டி போட்டு உளுந்தங்களி கிண்டி, நடுவில் குழித்து நல்லெண்ணெய் ஊற்றி, கூடவே நின்று தின்ன வைப்பார். அந்தப் பிள்ளை திகட்டி அழுகிற சத்தம் மதிலுக்கு இந்தப் பக்கம் கேட்கும். இந்தப் பக்கம் எனக்குக் காணம் அவித்த தண்ணீர். கொள்ளுக்கு எங்கள் ஊரில் காணம் என்று பேர். குடித்தால் கொழுப்பு கரையும் என்று அம்மாவுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

ஒருநாள் அந்தப் பெரியம்மா மதில்மேல் எட்டிப் பார்த்து, "டீச்சர், ஒங்க மூத்தவளுக்கு இருக்கதுல பாதி சதை எம் பிள்ளைக்கிப் பிடிச்சுட்டுன்னா நாளைக்கே கெட்டிக் குடுத்துருவேன்" என்றார். மனதாரச் சொன்னதுதான். அம்மா உள்ளே வந்து முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, "குத்தலப் பாத்தியா அந்தம்மாவுக்கு?" என்றாள். யார் என்னைப் புகழ்ந்தாலும் அம்மாவின் காதுக்கு அது குத்தலாகவே போய்ச் சேரும். இதை நான் அப்போதே கவனித்திருந்தேன். கவனித்து என்ன பண்ண?

எனக்கு இடம் பார்க்க ஆரம்பித்தபோது முதலில் வந்தவர்கள் போட்டோவிலேயே நின்றுகொண்டார்கள். அடுத்து ஒரு குடும்பம் வீட்டுக்கே வந்து, கேசரி நன்றாயிருக்கிறது என்று இரண்டாம் தரம் வாங்கித் தின்றுவிட்டுப் போய், "பையனுக்கு அக்கா மாதிரி இருக்கு" என்று தரகரிடம் சொல்லியனுப்பினார்கள். அன்றைக்கு அம்மா சாப்பிடவில்லை. என்னையும் சாப்பிடச் சொல்லவில்லை. அப்பாவும் தங்கையும் அடுக்களையில் சத்தம் வராமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்கள்.

மூன்றாவதாக வந்தவர்கள் சீவலப்பேரிக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள். எங்கள் சபைதான், ஆனால் வயல்காரர்கள். மகன் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்துக்கொண்டு, காலையும் மாலையும் வயலில் நிற்பவர். மாப்பிள்ளையின் அம்மா வந்து உட்கார்ந்ததும் காப்பித் தட்டை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். என் மணிக்கட்டைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார்த்தி, முழங்கை வரைக்கும் தடவிப் பார்த்தார். சந்தையில் பார்க்கிற பார்வைதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை அதற்கு முன்னால் என்னைப் பெண் பார்க்க வந்த யார் முகத்திலும் நான் கண்டதில்லை.

"பிள்ள நிறைஞ்சாப்ல இருக்கா டீச்சர்" என்றார். "எங்க வீட்டுல எல்லாம் நெத்திலிக் கருவாடு கணக்கா இருக்கோம். இப்பிடி ஒரு பிள்ள உள்ள வந்தாத்தான் வீடு வீடா இருக்கும்."

அவர் பேசியதெல்லாம் அந்த ஊர்க் கணக்குப்படி சரி. வயலில் நாற்று நட்டுக் களையெடுத்துப் பழகிய பெண்களுக்கு ஒல்லி என்றால் ஒன்று சாப்பாட்டுக்கு இல்லை, இல்லாவிட்டால் சீக்கு. மருமகளுக்குக் கையில் சதை இருந்தால் அவள் பிறந்த வீட்டில் நன்றாக வைத்திருந்தார்கள், புகுந்த வீட்டில் நன்றாக இருப்பாள் என்று அர்த்தம். எங்கள் வீட்டு வாசலில் டவுன் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய் இறங்கிவிடலாம், அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது அந்த ஊர். அம்மாவால் அங்கே கடைசி வரை போய்ச் சேர முடியவில்லை. அவர்கள் கிளம்பியதும், "நிறைஞ்சாப்லயாம்ல, நிறைஞ்சாப்ல. மூஞ்சிக்கு நேரயே சொல்லுதாளே" என்று சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள்.

எனக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது. இதைச் சொல்ல இப்போது வெட்கம் ஒன்றும் இல்லை. அன்று எங்களைப் பேசச் சொல்லி வராந்தாவில் விட்டார்கள். நடுவில் ஒரு தட்டு வாழைக்காய் பஜ்ஜி. வந்தவர்கள் முன்னால் எதையும் வாயில் வைக்கக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்ததால் நான் பஜ்ஜியைப் பார்க்காமல் செம்பருத்திச் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எடுத்துக்கிடுங்க" என்றார்.

"வேண்டாம்."

"எனக்குத் தனியாத் திங்கக் கூச்சமா இருக்கு. நீங்க ஒண்ணு எடுத்தா நான் ரெண்டு எடுப்பேன்."

நான் ஒன்று எடுத்தேன். அவர் இரண்டு எடுத்தார். பிறகு நான் இன்னொன்று எடுத்தேன். பேச்சென்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆற்றில் அந்த வருஷம் தண்ணீர் எப்படி, எனக்கு எந்தப் பாடம் பிடிக்கும், இவ்வளவுதான். தட்டு காலியானதும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு ஆணின் முன்னால் நான் உடம்பை மறந்து உட்கார்ந்திருந்தது வாழ்க்கையில் அந்தக் கொஞ்ச நேரம்தான்.

நிச்சயம் நடந்தது. எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆராதனையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை அறிந்தவர்கள் இருந்தால் சொல்லலாம் என்று பெண் வீட்டுக் கோயிலிலும் மாப்பிள்ளை வீட்டுக் கோயிலிலும் அறிவிப்பார்கள். மூன்று ஓலையும் தடையில்லாமல் முடிந்தால்தான் கல்யாணம். எங்களுக்கு ஓலை வாசிக்க இன்னும் நாள் இருந்தபோது மாப்பிள்ளையின் அக்கா அளவு ஜாக்கெட் வாங்க வந்தார்.

அம்மா பையை நீட்டினாள். பையின் வாயில் எட்டிப் பார்த்த துணியை நான் அடையாளம் கண்டுகொண்டேன். மயில் கழுத்து நிறம். என் தங்கையின் ஜாக்கெட்.

அக்கா தெருமுனை திரும்புகிற வரைக்கும் பொறுத்து, "அது எனக்குள்ளது இல்லயே" என்றேன்.

"தெரியும்ட்டி. இன்னும் நாள் கெடக்கு. அதுக்குள்ள நீ மெலிஞ்சிருவ."

"மெலியலன்னா?"

"மெலிவ. ஒன் ஜாக்கெட்ட அந்த ஊர் டெய்லர் விரிச்சுப் போட்டான்னா நாலு பேரு கூடி நின்னு சிரிப்பான். மேடையேறுததுக்கு முந்தியே ஊர் சிரிக்கணுமா?"

அம்மா அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். கண் கலங்கச் சொன்னாள். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு தொடங்கியது பட்டினி. காலையில் காணத் தண்ணீர். மத்தியானம் ஒரு கரண்டிச் சோறும் வெள்ளரிக்காயும். ராத்திரிக்கு ஒரு கொய்யாப்பழம். விடிவதற்கு முன்னால் மைதானத்தைச் சுற்றி ஓட்டம். எனக்குப் பின்னால் அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மூச்சிரைக்க வருவாள். எனக்கு வாய் ஊறக்கூடாது என்று வீட்டில் மீன் வாங்குவதையே நிறுத்திவிட்டாள். உவரியிலிருந்து வரும் மீன்காரம்மா வாசலில் கூடையை இறக்கி வைத்து, "என்ன டீச்சர், தவசு காலமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அம்மாவும் என்னோடு சேர்ந்து அரை வயிறுதான் சாப்பிட்டாள். அவளை வில்லியாக எழுத எனக்கு மனம் வராததற்கு அது ஒரு காரணம்.

மெலிந்தேன். ஆனால் மெலிந்தது முகமும் கழுத்தும்தான். தங்கையின் இன்னொரு ஜாக்கெட்டைப் போட்டுப் பார்க்கச் சொல்வாள் அம்மா. கொக்கிக்கும் வளையத்துக்கும் நடுவில் ஒரு கை அகலம் அப்படியே கிடக்கும். தங்கை கட்டிலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு அழுகையா வருது, நான் வெளிய போறேன்" என்று எழுந்து போவாள். தலை சீவினால் முடி கொத்தாக வந்தது. மாடிப்படி ஏறினால் கண்ணை இருட்டியது. சமையல் வாசனை வராத அறையாகப் பார்த்துப் படுத்துக்கொள்வேன்.

சாயங்காலங்களில் மாப்பிள்ளை போன் பண்ணுவார். "சாப்டாச்சா?" என்றுதான் ஆரம்பிப்பார். நான் ஆச்சு என்பேன். அன்றைக்கு அவர் வீட்டில் என்ன குழம்பு என்று சொல்லுவார். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். ஒருநாள், "ஒங்க கொரலு என்ன கெணத்துக்குள்ள இருந்து வாரது மாதிரி இருக்கு?" என்றார்.

"ஒண்ணும் இல்ல, ஜலதோஷம்."

அந்த நிமிஷத்தைத்தான் எத்தனையோ தரம் திரும்ப எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஜாக்கெட் விஷயத்தைச் சொல்லியிருந்தால் அவர் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். மறுநாளே வந்து சரியான ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு போயிருப்பார். ஆனால் எந்தப் பெண் கட்டிக்கொள்ளப் போகிறவனிடம் போய், நான் அந்த ஜாக்கெட்டுக்குள் நுழைய மாட்டேன் என்று சொல்லுவாள்? அம்மாவைக் காட்டிக் கொடுக்கவும் வாய் வரவில்லை.

முதல் ஓலை வாசித்த வாரத்தில் ஒருநாள் அவருடைய அம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். கையில் ஒரு பை நிறையப் புது அரிசியும் வயல் வரப்பில் பறித்த கீரையும். எனக்கு அத்தையாக வர இருந்தவர், நானும் மனதுக்குள் அத்தை என்றே கூப்பிட்டுப் பழகியிருந்தேன். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். கை நடுங்கி டம்ளர் தட்டில் தாளம் போட்டது. அவர் டம்ளரை வாங்காமல் என்னையே பார்த்தார்.

"என்னம்மா, மேலுக்கு முடியலையா?"

நான் பதில் சொல்லுவதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கா."

"கண்ணு குழி விழுந்து கெடக்கே டீச்சர். நாங்க வந்து பாக்கையில இப்பிடி இல்லயே. டாக்டர்ட்ட காட்டுனியளா?"

"டாக்டர்ட்ட எதுக்குக் காட்டணும்? அவளுக்கு ஒரு நோயும் கிடையாது" என்றாள் அம்மா, வகுப்பில் பேசுகிற குரலில். அத்தை கொடுத்த காப்பியைப் பாதி குடித்துவிட்டுப் பைய எழுந்து போனார். அவர் போனதும் அம்மா முகத்தில் எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒரு தெளிச்சி. "மெலிஞ்சிருக்கன்னு அவங்களே கண்டுபிடிச்சுட்டாவ, பாத்தியா?" என்று என் கன்னத்தைத் தட்டினாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள் பாவம். நானும்தான் நினைத்தேன்.

இரண்டாம் ஓலை வாசித்தார்கள். மூன்றாம் ஓலை ஞாயிற்றுக்கிழமை நான் அரக்குச் சேலை கட்டியிருந்தேன். ஆராதனையில் அறிவிப்புகள் வந்தன. நாங்கள் ஐயர் என்று கூப்பிடுகிற எங்கள் குருவானவர் வேறொரு ஜோடியின் ஓலையை வாசித்தார். பிறகு பெண்கள் ஐக்கியக் கூட்டம் எத்தனை மணிக்கு என்று சொன்னார். பிறகு, பாடுவோம் என்று பாட்டு எண்ணைச் சொன்னார். ஐயர் மறந்துவிட்டார் என்று நான் நினைத்தேன். முன் வரிசையிலிருந்து ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. ஐயர் மட்டும் பாட்டுப் புத்தகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அப்பா என் கையைப் பிடித்து அழுத்தினார். நான் எழுந்து நின்று அந்தப் பாட்டை முழுதாகப் பாடினேன், வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் முதல்நாள் சாயங்காலமே தங்கள் ஊர் ஐயரிடம் சொல்லி நிறுத்தியிருக்கிறார்கள். எங்கள் ஐயருக்குத் தகவல் வந்தது ஆராதனைக்கு மணி அடித்த பிறகு. காரணம் கேட்டு அப்பா தரகரை அனுப்பினார். "அவங்களுக்கு இஷ்டமில்லையாம் அண்ணாச்சி. அதுக்கு மேல ஒண்ணும் சொல்ல மாட்டேங்காவ" என்று வந்து நின்றார் தரகர். அம்மாவுக்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. "குண்டுன்னுதான் வேண்டாம்னுட்டாவ. இன்னும் கொஞ்சம் மெலிஞ்சிருக்கலாம்" என்றாள்.

நானும் அதையே நம்பினேன். மாப்பிள்ளை அதற்குப் பிறகு போன் பண்ணினார். ஒரு தரம் இரண்டு தரம் இல்லை, அந்த வாரம் முழுவதும். அடிக்கும், அடித்து ஓயும். குண்டு என்று ஒதுக்கியவர் ஆறுதல் சொல்லக் கூப்பிடுகிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எடுக்கவில்லை.

தங்கைக்கு நாகர்கோவில் பக்கம் கல்யாணமாயிற்று. காற்றடித்தால் பறந்துவிடுவாள் போலிருக்கிறதே என்று அந்த வீட்டில் முதல் வாரத்திலேயே முட்டையும் பாலுமாக அவளை உட்கார்த்திவைத்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். போனில் அழுதாள். நான் சிரித்துவிட்டேன், அப்புறம் நானும் அழுதேன். எனக்கு அதற்குப் பிறகு வந்த இடங்களை நானே வேண்டாம் என்றேன். எங்கள் பக்கத்து ஆசிரியர்கள் ஆப்பிரிக்காவுக்கு வேலைக்குப் போவது புதிதில்லை. நானும் உகாண்டாவில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினேன். வீட்டில் யாரும் தடுக்கவில்லை.

அங்கே சந்தையில் பெண்கள் என்னைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். முதலில் எனக்குக் காது அடைத்துவிடும். எந்த ஊரானால் என்ன, சிரிப்பு ஒன்றுதானே என்று. கூட வேலை பார்த்த, உகாண்டாவின் மேற்குச் சீமைக்காரி ஒருத்தி அர்த்தம் சொன்னாள். நல்ல வீட்டுப் பெண், எத்தனை மாடு கொடுத்துக் கட்டினார்களோ என்கிறார்களாம். அவளுடைய அம்மா காலத்தில் அவர்கள் ஊரில் கல்யாணம் நிச்சயமான பெண்ணை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பாலாகக் குடிக்கக் கொடுத்துப் பெருக்க வைப்பார்களாம். எழுந்து நடக்கவே சிரமப்பட்டால்தான் மணப்பெண்ணுக்கு அழகு.

நான் மலைத்துப்போய், "உங்க அம்மா கொடுத்து வைத்தவங்க" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "என் அம்மாவுக்கு இன்றைக்கும் பால் வாசனை ஆகாது" என்றாள். குடிக்க மாட்டேன் என்றால் பக்கத்தில் ஒரு அத்தை உட்கார்ந்து கிள்ளுவாளாம். வயிறு முட்டி, குமட்டி, அழுதுகொண்டே குடித்திருக்கிறார். அவர்கள் ஊரிலும் இப்போது அதெல்லாம் குறைந்துவிட்டது, டவுன் பையன்கள் ஒல்லியாகத்தான் தேடுகிறார்கள் என்று சொல்லிவிட்டு, தன் தட்டில் இருந்த வாழைக்காய்க் கூழில் பாதியை ஒதுக்கி வைத்தாள். எனக்கு மதிலுக்கு அந்தப் பக்கம் களியை விழுங்கிக்கொண்டு அழுத பிள்ளையின் ஞாபகம் வந்தது. இத்தனை கடல் தாண்டி வந்தும் பெண்ணிடம் பசிக்கிறதா, போதுமா என்று கேட்கிற ஊர் ஒன்றும் என் கண்ணில் படவில்லை என்று ஆத்திரமாக இருந்தது.

அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது ஊருக்கு வந்தேன், பிறகு திரும்பிப் போகவில்லை. கடைசி நாட்களில் அம்மா சுருங்கிக் குச்சியாகிவிட்டாள். நான் தூக்கி உட்கார்த்தினால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அந்தச் சீவலப்பேரிக்காரி ஒன்னக் குண்டுன்னு தள்ளிட்டாளே" என்பாள். "விடும்மா" என்பேன். அந்த எண்ணத்தோடேயே போய்ச் சேர்ந்தாள். அவளுக்காக நான் இன்னும் வருத்தப்படுவது அதற்காகத்தான்.

போன மழைக்காலத்தில் கண்ணாடி மாற்றுவதற்காகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். சொட்டு மருந்து விட்டு, கூப்பிடுகிற வரைக்கும் கண்ணைத் திறக்காமல் உட்காருங்கள் என்று வரிசையாக பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். பக்கத்தில் ஒரு வயதான அம்மா. அவருக்கும் மருந்து விட்டிருந்தார்கள்.

"நீங்க எந்த ஊரும்மா?" என்றார்.

"பாளையங்கோட்டை."

"பாளையங்கோட்டையில எங்கன?"

வேதக்கோயில் தெரு என்றேன். "அங்கன ஒரு டீச்சர் வீட்டுல எம் மூத்தவனுக்குப் பொண்ணு பேசுனோம். ரெண்டு ஓல வாசிச்சாச்சு. நாந்தான் நிறுத்துனேன்" என்றார்.

கண்ணைத் திறந்தேன். எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. அவர் கண்ணை மூடியபடி, எதிர்ச் சுவரிடம் பேசுவதுபோலச் சொல்லிக்கொண்டே போனார்.

"நல்ல பிள்ள. கண்ணு நிறைஞ்சாப்ல இருந்தா. நாங்க பாத்துட்டு வந்த கொஞ்ச நாள்ல அளவு ஜாக்கெட்டு வந்துது. தைக்கக் குடுக்கப் போகையிலதான் விரிச்சுப் பாக்கேன், பச்சப்பிள்ள ஜாக்கெட்டு மாதிரி இருக்கு. எனக்கு நெஞ்சு திக்குன்னு போச்சு. என்ன ஏதுன்னு ஓடிப் போயிப் பாத்தா, பிள்ள பாதியா உருகிக் கெடக்கா. கை நடுங்குது. கேட்டா அந்த டீச்சர் ஒண்ணும் இல்லைன்னு சாதிக்கா. என்னமோ பெரிய சீக்கு, மறைச்சுக் கெட்டிக் குடுக்கப் பாக்காவன்னு நெனச்சுட்டேன். வெளிய சொன்னா அந்தப் பிள்ள பேரு கெட்டுரும்லா, அதான் யார்ட்டயும் மூச்சு விடல."

"மகன் என்ன சொன்னாவ?" என்று கேட்டேன்.

"அவனா? ஒத்தக் கால்ல நின்னான். 'சீக்குன்னா என்னம்மா, நான் வச்சு வைத்தியம் பாத்துக்கிடுதேன், அவளத்தான் கெட்டுவேன்'னான். போன் போட்டுப் போட்டுப் பாத்தான், அந்தப் பிள்ள எடுக்கல. என்ன முடியாமக் கெடக்காளோன்னு அழுதான். நான் பூச்சிமருந்தக் குடிச்சுருவேன்னு மெரட்டித்தான் அவனைத் தடுத்தேன். பொறவு ரொம்ப நாள் கழிச்சு வேற எடத்துல முடிச்சோம். பிள்ளைக இருக்கு, நல்லா இருக்கான். ஆனா அந்தப் பிள்ள என்ன ஆனாளோ, உசுரோட இருக்காளோ என்னவோன்னு எனக்கு உறுத்திக்கிட்டே கெடக்கும்மா."

"இருக்கா" என்றேன்.

அவர் சட்டென்று என் பக்கம் திரும்பிக் கண்ணைத் திறந்தார். மருந்து வழிந்து கன்னத்தில் இறங்கியது. அவருக்கு என் முகம் சரியாகத் தெரிந்திருக்காது. ஆனால் பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் இடம் நிறைய உட்கார்ந்திருந்த என்னை மேலும் கீழும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நீயா தாயி?"

"ஆமா அத்தை."

"நல்லாத்தானே இருக்க. அன்னைக்கு ஒனக்கு என்னதான் செஞ்சுது?"

எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் போலிருந்தது.

"பசிச்சுது அத்தை" என்றேன்.